பாட்டு வரக் கூடாது

தையற்காரம்மா பொய் சொல்லாத பெண். “சட்டை நாளைக்கு ரெடி” என்பதைத் தவிர. அதை அந்தத் தொழிலில் யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பேர்ப்பட்டவள்தான் கட்டிய புருஷனை ஒரு மோட்டாரை வைத்து ஏமாற்றினாள்.

புருஷன் சலூன்காரர். ஒரு காய்ச்சல் வந்து போனது. அதை விரட்ட உடம்பு அனுப்பிய காவல்படை, திருடன் ஓடிவிட்டது தெரியாமல் வீட்டுக்காரனையே போட்டு அடித்த கதையாக, அவருடைய நரம்புகளைத் தாக்கிவிட்டது. எமன் வாசல்வரை போனவர், அங்கே செருப்பை மறந்தவர் மாதிரி கால்களை மட்டும் விட்டுவிட்டு வீடு திரும்பினார். நரம்பு மெல்லத் தேறும், அதுவரை இதயமும் தசையும் தூங்கிவிடக் கூடாது என்று, பயிற்சி கொடுக்க வரும் தெரபிப் பெண் நகராத சைக்கிள் ஒன்றை வீட்டுக்குள் ஏற்றினாள்.

“மிதிக்கும்போது பேச முடியணும்ண்ணா. ஆனா பாட்டு வரக் கூடாது. பாட்டு வந்தா உழைப்பு பத்தல. பேச்சே வரலைன்னா அதிகம். அவ்வளவுதான் அளவு. ரொம்பவும் சோர்ந்துடாதீங்க.”

“பேச்சைப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற, தங்கச்சி? ஒரு தலை வெட்டி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஆட்சிய மாத்தறவன் நான்.”

சலூனில் அவருடைய நாற்காலியைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார் கூட்டாளி. மாசக் கடைசிவரை வேறு ஆள் போடாமல் பார்ப்பதாகப் பேச்சு. அதற்குள் நாள் முழுக்க நிற்கும் கால் வேண்டும்.

முதல் வாரம் சலூன்காரர் வாங்கிய மூச்சு தெருமுனைவரை கேட்டது. ஒரு சாயங்காலம் ஹேண்டில்பார்மேல் தலை சாய்த்து, “இது என் கால் மாதிரியே இல்லடி” என்றவர், வேர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார். தெரபிப் பெண் சொன்னதில் ‘சோர்ந்துடாதீங்க’ மட்டும்தான் அன்று தையற்காரம்மா காதில் மிச்சமிருந்தது.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், பழைய தையல் மெஷின் மோட்டாரைச் சைக்கிளின் பின்சக்கரத்தோடு பெல்ட் போட்டு இணைத்தாள். மேலே வெட்டுத்துணி மூட்டை. அதை ஓட்டும் மிதிகட்டை அவளுடைய மெஷினுக்கு அடியில். வலது காலில் தையல், இடது காலில் தாலி கட்டியவர். மெஷின் இரைச்சலில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. மரத்துப்போன பாதங்களுக்கோ, தாங்கள் மிதிக்கிறோமா, மிதிக்கப்படுகிறோமா என்று தெரியவில்லை. ஒரு காலின் வேகம் இன்னொன்றுக்கும் தொற்றியது. அவள் நிதானமாகக் காலர் தைத்தால் அவர் தளர்ந்தார். திரைச்சீலை ஓரம் அடித்தால் பந்தயக்காரர் ஆனார்.

“இன்னிக்கு என்னமா ஓடுது பாத்தியா?” என்று அவர் சிரிக்கும்போதெல்லாம் அவள் குனிந்து தையலைப் பார்ப்பாள். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைப்பாள். சட்டைக்காரர்களுக்குச் சொல்கிற அதே நாளை.

மாசக் கடைசியில் தெரபிப் பெண் சோதிக்க வந்தாள். அவர் மிதித்துக்கொண்டே ஒரு பாட்டை இரண்டு சரணத்தோடு பாடி முடித்தார். மூச்சு வாங்கவில்லை.

“முதல் வாரம் மூச்சு வாங்கின அதே பளுவுல இப்ப பாட்டே வருதே. அடுத்த வாரம் கடைக்குப் போலாம்ண்ணா.”

“முதல்ல கூட்டாளிக்குத்தான் சவரம். எத்தனை நாள் எனக்காகக் காத்திருந்தான்.”

தையற்காரம்மாவுக்குக் கூட்டாளியின் கழுத்து தெரிந்தது. அதில் கத்தி தெரிந்தது. கத்திக்குக் கீழே அந்தக் கால்கள் தெரிந்தன. இடது காலை எடுத்துவிட்டாள்.

சக்கரம் நின்றது. அவர் அழுத்திப் பார்த்தார். வாரக்கணக்கில் உழைக்காத கால்களுக்கு அது அசையவில்லை. தெரபிப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. “நோய் திரும்புதோ என்னமோ. வண்டி சொல்லுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“மறுபடியுமா?” என்றார் சலூன்காரர், சின்னக் குரலில்.

அவள் துணிமூட்டையை இழுத்துப் போட்டாள். “நோய் இல்லீங்க. நான்தான்.”

அவர் மோட்டாரைப் பார்த்தார். ஊரெல்லாம் பேசும் வாய் அதன் பிறகு திறக்கவில்லை.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டான் என்று தெரிந்த அன்றுதான் அவர் வாய் திறந்தது. மிதித்துக்கொண்டே திட்டினார். அவள் தையலை, அவள் அண்ணன்களை, அவள் பிறந்த நட்சத்திரத்தை. தெரபிப் பெண் கவனித்துக் கேட்டுவிட்டு, “திட்டு துண்டு துண்டா வருது, ஆனா வருது. சரியான அளவுண்ணா, விடாதீங்க” என்றாள். அதிலிருந்து தினமும் சைக்கிளுக்கு எதிரே உட்கார்ந்து திட்டு வாங்குவது தையற்காரம்மாவின் வேலையானது. அவளுக்கு அது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு அவர் அவளை விட்டுக் கூட்டாளிமேல் ஏறினார். “துரோகி... ஒரு வார்த்தை... கேட்டானா... என்னை? தெருவுல... பாத்தாலும்... மூஞ்சியத் திருப்பிக்கிறேன்.”

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் பங்குத் திட்டை இன்னொருவர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினாள், அதற்குமேல் முடியவில்லை.

“மோட்டாரக் கழட்டின அப்புறம் அவர் கேக்கத்தான் வந்தாருங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்னாரு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நான்தான், வேற ஆளப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன். அந்த நாற்காலி இருந்தா, கால் வர்றதுக்கு முன்னாடியே நீங்க கத்தியைத் தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பயம்.”

மிதி நின்றது. அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். மறுபடி மிதிக்கத் தொடங்கினார், முன்னைவிட அழுத்தமாக.

“அவன்கிட்ட... நான்... மன்னிப்பு... கேக்கணும்.”

“நான் கேட்டுக்கறேங்க.”

“நீ... எதையும்... எனக்காக... செய்யாத.”

அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. தண்ணீர் கொண்டுவர அவள் எழுந்தாள்.

“உக்காரு,” என்றார். “இன்னும்... திட்டி... முடியல.”