டெம்ப் என்று பெயர் வைத்தவள்

சிறுசேரி அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி கெட்டிக்காரி. பெயர் வைக்க மட்டும் தெரியாது. ஒரு மருத்துவமனையின் பழைய நோயாளிப் பட்டியலில் ஒரே ஆளை நாலு விதமாக எழுதியிருந்ததையெல்லாம் ஒன்பது நாள் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள். நிரலில் அந்தப் பட்டியலைக் குறிக்கும் பெயர்ச்சீட்டான வேரியபிளுக்கு மகராசி சூட்டிய பெயர் டெம்ப். தற்காலிகமாம். கோப்பாகச் சேமிக்கவும் இல்லை. கணினியின் மெமரியில், அந்தப் பெயரை நம்பிக் கிடந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அன்று நாலு மணிக்குப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவதாக மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மகளின் பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று செங்கல்பட்டு போயிருந்தவள் இரண்டரைக்கு போன் செய்தாள். கேளம்பாக்கத்தில் வண்டி நகரவில்லை, மெமரி நிரம்பிக் கடைசி நேரத்தில் மெஷின் நின்றுவிடப் போகிறது, வேண்டாததை அழித்து வை என்று பாஸ்வேர்டையும் சொன்னாள்.

அவள் மெஷினைத் திறந்தேன். டேட்டா, டேட்டா2, டெம்ப் என்று வேரியபிள்கள் வரிசையாக இருந்தன. 'டெல்' என்று அடித்துப் பக்கத்தில் பெயரைப் போட்டால் அந்த வேரியபிள் போய்விடும். நிச்சயமா என்றுகூடக் கேட்காது. டெம்ப்பை அழித்தேன். மெமரி துளியும் குறையவில்லை. என்ன சனியன் இது என்று திட்டினேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதன் பிறகுதான் கீழே அவள் எழுதியிருந்த நிரல் வரிகளைப் படித்தேன். ஒப்படைக்க வேண்டிய பட்டியலே டெம்ப்தான். கோப்புகளில் தேடினேன், எங்கும் இல்லை. மணி மூன்று. கருங்குழியிலிருந்து படித்து வந்து இந்த நாற்காலியில் உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுவும் போய்விடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மெமரியில் இருப்பது மொத்தமும் போய்விடும். மெஷின் தானாக நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று ஒரு பெட்டி வந்தது. 'ஆம்' மேல் அம்புக்குறியை வைத்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். பெட்டியை மூடினேன்.

"இன்னாபா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"டெம்ப்பை நான் அழிச்சிட்டேன்."

அவள் உட்காரவில்லை. மெமரி குறைந்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் பட்டியல் உள்ளேதான் இருக்கிறது என்றாள். டெல் எடுப்பது பெயரைத்தான். பட்டியலை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தால் அது போகாது. முந்தின மாலை வேலை முடிந்ததும் பட்டியலை ஒருமுறை திரையில் போட்டுப் பார்த்திருந்தாள். அப்படிப் பார்த்ததையெல்லாம் அந்த மென்பொருள் ஒரு எண் கொடுத்து வைத்திருக்குமாம். எண்ணைத் தேடி அடித்தாள். ஒன்பது நாள் வேலையும் திரையில் வந்தது. உடனே அதைக் கோப்பாகச் சேமித்தாள்.

மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நல்ல வேள, ரீஸ்டார்ட் பண்ணாம வுட்ட. வேற எவனாச்சும் இருந்தா பண்ணிட்டு மெஷின் மேல பழிய போட்ருப்பான். உன்ன நம்பினது வீண் போவல."

கேன்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கித் தந்தாள். நீ அரை நிமிடம் தாமதித்து வந்திருந்தால் 'ஆம்' என்பதை அழுத்தியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டீயை முழுசாகக் குடித்தேன்.