ரொக்கெட் எழுத்திலை போடுங்கோ

பெயர்ப்பலகைத் தொழிலில் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். எழுத்தைத் தெரிவு செய்கிறவரைத் திருத்த முடியாது. கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போல் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பல்லைக் கடிக்கிற உங்களிடமும் அந்த எழுத்துருவைக் கேட்டிருப்பார்கள். தடிப்பாக, வளைவே இல்லாமல், மூலைக்கு மூலை வெட்டி, விண்வெளிக் கப்பலில் எழுதினது மாதிரி இருக்கும். எங்கள் கடையில் அதற்கு ரொக்கெட் எழுத்து என்று பெயர். தமிழின் சுழியெல்லாம் அதில் சதுரம். ப, ம, வ மூன்றும் ஒரே பெட்டி.

தமிழ் வகுப்பு

மாங்குளத்தில் பின்னேர வகுப்பு நடத்தும் தமிழ் ஆசிரியர் ஒருவர் அதைத்தான் கேட்டார். "சேர், இதிலை ழகரமும் ளகரமும் ஒரே மாதிரிக் கிடக்கு" என்றேன். அவர் என்னை மாணவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"ழகரத்தை நான் வகுப்பிலை சொல்லிக் குடுப்பன். நீர் பலகையை அடியும்."

ஆழமான குளம்

வயல் செய்யும் கமக்காரரின் சங்கத் தலைவர் ஒருவருக்குக் குளக்கட்டில் நட எச்சரிக்கைப் பலகை தேவைப்பட்டது. 'ஆழம், குளிக்க வேண்டாம்.' சாதாரண எழுத்தில் அடித்துக் காட்டினேன். பழசாம். ரொக்கெட் எழுத்தில் சிவப்பும் நீலமுமாக வாங்கிப் போனார்.

வெயில் காலத்தில் வவுனியாவிலிருந்து வந்த இளைஞர்கள் அந்தப் பலகைக்குக் கீழேயே உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். ஒருவனை மதகுப் பக்கம் தண்ணீர் இழுத்துவிட்டது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார்கள். பிழைத்துவிட்டான்.

தலைவர் அவனுடைய கூட்டாளியைக் கையோடு கடைக்குக் கூட்டி வந்தார். "கண் தெரியேல்லையோ எண்டு நீங்களே கேளுங்கோ!"

பொடியன் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினான். "அதுக்கு முன்னாலை நிண்டு படமும் எடுத்தனாங்கள் அண்ணை. சோடா விளம்பரம் எண்டெல்லோ நினைச்சம்."

எனக்கு வந்த கோபத்தில் உருண்டை எழுத்தில் வேறொரு பலகை அடித்து நீட்டினேன். தலைவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"வாசிக்கலாம்தான். ஆனா வடிவில்லை."

கண்ணீர் அஞ்சலி

முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போய் வந்த ஒருவர் காலமானார். வெளிநாட்டில் இருக்கும் மகன் கண்ணீர் அஞ்சலிப் பதாகையை ரொக்கெட் எழுத்தில் அடிக்கச் சொல்லித் தொலைபேசியில் ஒற்றைக்காலில் நின்றார். எடுக்க வந்தது காலமானவரின் மனைவி. அந்த அம்மா படத்தைத் தடவினா. பிறகு எழுத்துகளுக்கு மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இவரின்ரை பேர் எங்கை தம்பி?" என்று கேட்டா.

மகனுக்கு அழைப்பெடுத்து விசயத்தைச் சொன்னேன். அவர் சொன்னது அந்த அம்மாவுக்கும் கேட்டது: "அண்ணை, அம்மாவுக்கு அப்பான்ரை பேர் தெரியாதே?"

அவா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினா.

"எனக்குத் தெரியும் மோனை. ஊருக்குத் தெரியத்தானே இது. இந்தத் தம்பி வேறை அடிச்சுத் தரட்டும்."

அண்மையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரும் ரொக்கெட் எழுத்துக் கேட்டு வந்தார். இத்தனை பேரில் தொழில் தெரிந்து கேட்டவர் அவர் ஒருவர்தான்.