ப்ளோயரை நிறுத்திய செயலாளர்

முடிச்சூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு மேலாளராக நான் சேர்ந்த முதல் நாள், சங்கச் செயலாளர் ராகவன் வாசல் சுவரில் பதித்திருந்த பசுமைக் கட்டடப் பலகையைக் காட்டினார்.

"இது க்ரீன் பில்டிங் சார். மெயின்டனன்ஸே கிடையாது. நீங்க சும்மா மேற்பார்வை பார்த்தா போதும்."

வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பலகை மாட்டிய கட்டடம் தன்னைத்தானே கழுவித் துடைத்துக்கொள்ளும் என்று உண்மையாகவே நம்பினார்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. அடித்தளத்தில் இருந்தது. அதில் கழிவைத் தின்பவை உயிருள்ள பாக்டீரியா. அவை மூச்சுவிட வேண்டுமானால், காற்று ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமாகி வரும் தண்ணீர் ஃப்ளஷுக்கும் செடிகளுக்கும் போகும். அந்த அளவு லாரித் தண்ணீர் மிச்சம். அது சங்கத்தின் கண்ணில் படவில்லை. கரன்ட் பில் மட்டும் பட்டது.

ஒரு கோடையில் ப்ளோயரை நிறுத்தச் சொன்னார் ராகவன். காரணத்தை விளக்கி மறுத்தேன். நான் விடுப்பில் போனதும் வாட்ச்மேனை விட்டு நிறுத்திவிட்டார்.

திரும்பி வந்தபோது கேட்டிலேயே நாற்றம். ஃப்ளஷில் கறுப்புத் தண்ணீர். அதிகம் அடிபட்டவர் நூர்ஜஹான் அக்கா. எஸ்.டி.பி.க்கு நேர் மேலே, தரைத்தள வீட்டில் கல்யாண ப்ளவுஸ் தைப்பவர். அளவு கொடுக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். சிலர் கொடுத்திருந்த துணியையும் வாங்கிப் போனார்கள்.

சங்கக் கூட்டத்தில் ராகவன் முந்திக்கொண்டார். "க்ரீன் பில்டிங்கே ஏமாத்து வேலை. பணக்காரங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். எஸ்.டி.பி.ய மூடிட்டு, கழிவ லாரி வெச்சு அள்ளிடலாம்."

மெயின்டனன்ஸே கிடையாது என்று சொன்னதும் இதே வாய்தான். சுற்றிலும் தலைகள் ஆடின.

நூர்ஜஹான் அக்கா எழுந்து நின்றார். "மெஷின் தானா நின்னுச்சா, நீங்க நிறுத்தினீங்களா? அத மட்டும் சொல்லுங்க சார்."

எல்லோருக்கும் மிச்சம் பிடிக்கத்தான் செய்தேன் என்று முனகினார் ராகவன்.

மூடும் பேச்சு அத்தோடு நின்றது. ப்ளோயரை ஓட்டினேன். செத்த பாக்டீரியா சுவிட்சைப் போட்டதும் எழுந்து வராது. கூடுவாஞ்சேரியில் நன்றாக ஓடும் எஸ்.டி.பி. ஒன்றிலிருந்து உயிருள்ள பாக்டீரியா நிறைந்த சேறு கொண்டுவந்து ஊற்றி, வாரக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை கழிவை அள்ளிய லாரிக்கு, மிச்சம் பிடித்த கரன்ட் காசு எந்த மூலைக்கும் போதவில்லை. நாற்றம் போனது. ஆனால் நூர்ஜஹான் அக்கா சேலையூரில் கடை பிடித்துக் குடும்பத்தோடு போய்விட்டார்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பசுமைக் கட்டடம் இலவசமும் இல்லை, பணக்காரர் பொம்மையும் இல்லை. எந்தக் கட்டடத்தையும் போல அதற்கும் ஆள் வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போட்டதைத் திருப்பித் தரும். விடுப்பில் போகும்போது மட்டும் ப்ளோயர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போங்கள்.