கதியாலைப் பிடித்திருந்த கை

பெரிதாகக் காட்டுவதுதான் நல்ல கண்ணாடி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையில் பயிற்சி முடித்து யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலுள்ள ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்கு முன், கொழும்புக் கடையொன்றில் இதைச் சொன்ன கடைக்காரனை நான் கடைக்குள் வைத்தே ஏசினேன். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அறுவைச் சிகிச்சைக்கென்றே செய்த பூதக்கண்ணாடிகள் அவனிடம் இரண்டே இரண்டு இருந்தன. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் குட்டிக் குழாய்கள் பொருத்தியவை. ஒன்று இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடவும், மற்றது நாலு மடங்குக்கு மேலும் காட்டும்.

"பெரிய டொக்டர்மார் எல்லாம் நாலு மடங்குதான் கேக்கிறாங்க" என்றான், பெண்ணுக்கு இரண்டு போதும் என்கிற முகத்தோடு.

ஏசி முடித்த பிறகு, இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். தங்கியிருந்த வீட்டுக் குசினியில் கோழித் தொடையை வைத்து, அதற்குள் ஓடும் இரத்தக் குழாயை வெட்டி, தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைத்துப் பார்த்தேன். நாலு மடங்கில் அந்தக் குழாய் தும்புக் கயிறு போலத் தெரிந்தது. ஆனால் தெரிந்த இடம் ஒரு சதக் காசளவுதான். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே ஊசி காணாமல் போய்விடும். போதாததற்கு, அது யாரோ நெட்டையான ஆணின் கை நீளத்துக்குச் செய்தது. நானோ குள்ளம். தெளிவாகத் தெரியவேண்டுமானால் முதுகை வளைத்துப் பின்னால் சாயவேண்டும், அப்போது கை எட்டாது. குழந்தையின் உடம்பு சின்னது, ஆகவே பெரிதாகக் காட்டவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சின்னது என்பதால் அங்கே எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்தில் இருப்பதும் கண்ணில் படவேண்டும். நான் சிறியதை வைத்துக்கொண்டேன். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கண்ணாடிக்கு உண்மையான வேலை வந்தது ஒரு வேலியடைப்புக் காலத்தில். புளியங்கூடல் பக்கத்திலிருந்து ஒரு காரில் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. வலது மணிக்கட்டின் உட்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே யாரோ சால்வையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டு நாடிகளும் அறுந்து, விரல்கள் நீலம் பாய்ந்து குளிர்ந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் பிள்ளை போய்ச் சேரும், கை போய்ச் சேராது.

வெளியே தகப்பனும் அவனுடைய தமையனும் முற்றத்தில் விழுந்து புரண்டு அடிபட்டார்கள். தமையனின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. தகப்பன் அவனுடைய காதைக் கடித்துக்கொண்டிருந்தான். வீடும் காணியுமாயிருந்த ஒரு வளவைப் பிரித்தெடுத்த சகோதரர்கள். ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது ஒருவன் எல்லையில் ஊன்றும் கிளுவைத் தடியை, கதியாலை, ஒரு விரற்கடை தள்ளி நடுவான், மற்றவன் அதைப் பிடுங்குவான். இந்த முறை தமையன் கொடுவாக் கத்தியோடு வந்து புதுக் கதியாலை வெட்டியிருக்கிறான். கதியாலைக் குழந்தையின் கை பிடித்திருந்தது.

தகப்பனைக் காவலாளி இழுத்து வந்தார்.

"பிள்ளையைக் கதியாலைப் பிடிக்கச் சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான் டொக்டர்."

"ஏன்? கட்டுறதுக்கு ஆள் இல்லையோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிண்டால் அண்ணை வெட்டமாட்டார் எண்டு நினைச்சனான்."

அந்தத் தீவில் அது புதிதல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். கதியாலடியில் பெண்ணையோ குழந்தையையோ நிறுத்தினால் எதிர்ப்பக்கம் கத்தியை ஓங்காது என்று ஒரு கணக்கு. அப்போது தெரியாது. எனக்கு அவனைக் கொல்லவேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாக என் கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டி, பிடரியைப் பிடித்துக் காயத்துக்கு மேலே குனிய வைத்தேன்.

"என்ன தெரியுது?"

"வெள்ளையாய் ஒரு நூல் மாதிரி."

"அதுதான் உம்மட பிள்ளையின்ர கை. வடிவாய்ப் பாரும்."

அவன் பார்த்தான். பிறகு சுவரோடு சரிந்து வாந்தி எடுத்தான். செய்யத் தகாத வேலைதான். எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

மயக்கம் கொடுத்து, நூல் போலிருந்த அந்த இரத்தக் குழாய்களின் முனைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். குழாயைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி காட்டிய வட்டத்தின் ஓரத்தில் நரம்பின் அறுந்த நுனி, தசைக்குள் சுருங்கிப்போய்க் கிடந்தது கண்ணில் பட்டது. மற்றக் கண்ணாடியாக இருந்தால் அதன் மேலேயே ஊசியைக் குத்தியிருப்பேன். அதையும் தைத்தேன், விரல்களை மடக்கும் நார்களையும் தைத்தேன். இடுக்கியை எடுத்ததும் குழாய் புடைத்து ஒருமுறை துடித்தது. ஒரு பொட்டு இரத்தம் தெறித்து என் கண்ணாடியில் விழுந்தது. துடைக்காமல் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நகங்களுக்குக் கீழே சிவப்பு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்துத் தகப்பன் பிள்ளையைக் காட்டக் கூட்டி வந்தான். அவன் கடித்த தமையனைப் போலவே, காதோரம் அவனுக்கும் ஒரு பழைய தழும்பு. பிள்ளை என் சுட்டுவிரலைப் பிடித்து இறுக்கினாள். சின்னவிரல் மட்டும் கொஞ்சம் பிந்தி மடங்கியது. நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் அப்படிச் செய்த பிள்ளைகள் அதிகமில்லை.

"வீட்டிலை கை வேலை செய்யுதோ?"

"ஓம் டொக்டர். நல்லா எறியிறாள்."

பந்து என்று நினைத்தேன். "என்ன எறியிறவ?"

"கல்லு" என்றான். முகம் முழுக்கப் பெருமை. "அண்ணையின்ர வளவுக்கை. ஒண்டும் பிழைக்காது. முந்தநாள் அவற்ர சின்ன மகன்ர நெத்தியைப் பிளந்துபோட்டாள்."

பிள்ளை என் மடியிலிருந்து தலையாட்டினாள்.

அந்த நெற்றியை, அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்தான் தைத்திருந்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அந்தப் பையனின் தாய் சொல்லியிருந்தாள்.