தேவிபிரியா போட்ட குண்டு

அருப்புக்கோட்டையில் தேவிபிரியாவின் முகத்தைவிடக் குரலுக்குத்தான் மவுசு. ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் சுற்றும் குரல் அவளுடையது. கண் சிகிச்சை முகாம், கோயில் கொடை, புதிதாகத் திறக்கும் பிரியாணிக் கடை எல்லாவற்றுக்கும் அவளேதான். வீட்டில் தெலுங்கு, மைக் முன்னால் யாரும் குறை சொல்ல முடியாத தமிழ். பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, வெள்ளத்துரை நடத்தும் லோக்கல் கேபிள் சேனலில் காலையும் மாலையும் செய்தி வாசிப்பாள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டுக் கன்றுக்குட்டியைக் காணோம் என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கும்.

போன வருஷம் மே மாதம் எல்லையில் சண்டை மூண்டதும் அதைக் கேட்க ஆளில்லாமல் போனது. ஊரே பெரிய சேனல்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. அங்கே விமானம் சீறியது, சைரன் அலறியது, மேப்பில் சிவப்பு வட்டங்கள் வெடித்தன. வெள்ளத்துரைக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, நம்மளும் போரு போடுவோம்."

"நம்மகிட்ட என்னண்ணே இருக்கு? ஒரே ஒரு கேமரா, அதுவும் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கு."

"ஒங் கொரலு இருக்குல்ல? மத்தத நான் பாத்துக்கிறேன்."

இணையத்தில் அகப்பட்ட புகை, நெருப்பு எல்லாவற்றையும் அவர் ஒட்டவைத்தார். சத்தத்துக்குக் கோயில் பங்குனிப் பொங்கலில் பதிவு செய்த வாணவேடிக்கை கைவசம் இருந்தது. "நம் விமானங்கள் நெருப்பு மழை பொழிந்தன!" என்று தேவிபிரியா நிறுத்துவாள், பின்னாலேயே வாணவேடிக்கை டமால் என்று வெடிக்கும். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் பிடித்துப்போனது.

பிடிக்காமல் என்ன செய்யும்? மீன்கடை மூக்கம்மாள், "யக்கா, நேத்து என்னா போடு போட்டீக! எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிருச்சு" என்று ஒரு துண்டு கூடுதலாகப் போட்டாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மில்லில் வேலை பார்க்கும் கணவன் காளீஸ்வரன், ஷிப்டில் ஆளாளுக்கு அவளைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னான். இத்தனை வருஷம் சேலைத் தள்ளுபடியை உருகி உருகிச் சொன்னபோது ஒருவரும் 'நல்லாருக்கு' என்றதில்லை.

மூன்றாம் நாள் காலை வெள்ளத்துரையின் போனில் இரண்டு செய்திகள் வந்தன. எதிரி நாட்டுத் துறைமுகம் ஒன்று குண்டுவீச்சில் தரைமட்டம். எல்லையில் நம் ராணுவ முகாம் ஒன்றின் மேல் ட்ரோன் தாக்குதல், பெரும் சேதம். இரண்டையும் அவள் ஒரே மூச்சில் வாசித்தாள். துறைமுகத்துக்காகப் பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டு லட்டு கொடுத்தார்கள். முகாமை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு அம்மாள் குடையும் கையுமாகப் படியேறி வந்தார். பெயர் சந்தனம்மாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவர்.

"செய்தி வாசிக்கிற பிள்ளை யாரு?"

"நான்தாம்மா."

"ஏத்தா, எம்மகன் மாரீஸ்வரன் நீ சொன்ன அந்த முகாம்லதான் இருக்கான். உசுரோட இருக்கானா? நீதான சொன்ன, ஒனக்குத் தெரியும்ல?"

வெள்ளத்துரைக்குச் சட்டென்று மாடியில் ஏதோ வயர் பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் தேவிபிரியா. "போன்ல வந்துச்சு. வாசிச்சேன்."

"தெரியாமயா அம்புட்டு அழுத்தமாச் சொன்ன?"

சந்தனம்மாளுக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். அதுதான் சுருக்கென்று தைத்தது. மாரீஸ்வரனின் போன் அணைந்து கிடந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது உண்டா என்று தேவிபிரியா கேட்டாள். காரியாபட்டிக்காரர் ஒருவர் உண்டு, பெயர் மறந்துவிட்டது என்றார் சந்தனம்மாள்.

தேவிபிரியா உடனே பால்ச்சாமிக்குப் போன் போட்டாள். அவள் குரலைப் போட்டுக்கொண்டு காரியாபட்டியில் சுற்றும் விளம்பர ஆட்டோக்காரர் அவர். கட்டில் மெத்தை விளம்பரத்தை நிறுத்திவிட்டு, சந்தையில் மைக்கைப் பிடித்தார்: "ராணுவத்துல இருக்கவுக வீட்டு ஆளுக யாராச்சும் இருந்தா ஆட்டோப் பக்கம் வாங்க!"

காத்திருந்த நேரத்தில் சந்தனம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தத் தொறைமுகத்துல மூட்டை தூக்குறவுகளும் இருந்திருப்பாகள்ல?"

"இருந்திருப்பாக" என்றாள் தேவிபிரியா. வாசித்தபோது அப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பால்ச்சாமி அழைத்தார். தக்காளி வாங்க வந்த அழகுத்தாய் அகப்பட்டுவிட்டாள். அவள் புருஷன்தான் அந்தக் காரியாபட்டிக்காரர். சற்று முன்புதான் ஆபீஸ் போனிலிருந்து பேசினாராம். முகாமில் ஒரு குண்டும் விழவில்லை. எல்லாரும் சுகம். சொந்தப் போனை அணைத்து வைக்க உத்தரவு, அவ்வளவுதான்.

சந்தனம்மாள் அழுதுகொண்டே மகனைத் திட்டினார். "கிறுக்குப் பய! அவனுக்கும் ஒரு ஆபீஸ் போன் கிடைக்கலயாக்கும்!"

மாலைச் செய்தியில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள் தேவிபிரியா. வெள்ளத்துரை பதறினார். "பெரிய சேனல்காரன் எவனாச்சும் திருத்துனானா?"

"அவுகள யாரும் பஸ்ஸு ஏறிப் போயிக் கேக்க முடியாதுண்ணே. என்னைக் கேக்கலாம்ல?"

வாணவேடிக்கை இல்லாமல் வாசித்தாள். முகாம் செய்தி பொய். துறைமுகச் செய்தி உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னதற்கு வருந்துகிறோம்.

போன் விடாமல் அடித்தது. "எதிரிக்குப் பரிஞ்சா பேசுற?" என்றார் ஒருவர். லட்டுக்காரர்களுக்கு முகம் செத்துப்போனது. மூக்கம்மாள் மீனைச் சரியான எடைக்கு நிறுத்துப் போட்டாள். மில்லில் இரண்டு பேர் காளீஸ்வரனோடு பேச்சை நிறுத்தினார்கள். "பேசுனப்ப மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சாங்க" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான். சில நாளில் சண்டையும் நின்றது. ஊரில் தண்ணீர் வந்து வாரமாகியிருந்ததால் ஜனங்கள் தானாக லோக்கல் சேனலுக்குத் திரும்பினார்கள்.

ஆடியில் மாரீஸ்வரன் லீவில் வந்தான். சந்தனம்மாள் அவனைச் சேனலுக்கு இழுத்து வந்து காட்டினார். வெள்ளத்துரை அவசரமாகக் கொடியை நட்டு, கேமராவை ஓடவிட்டு, "தம்பி, குண்டு விழுறப்ப அங்க எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே" என்று சிரித்த மாரீஸ்வரன், தேவிபிரியா பக்கம் திரும்பினான். "யக்கா, எங்க ஊர்க் கம்மாய்க் கரை ஒடைஞ்சு கெடக்கு. மழைக்கு முந்தி அடைக்கணும். அதச் சொல்லுவீகளா?"

"சொல்லுறேன். ஆனா பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் தேவிபிரியா கேமராவோடு போனாள். வெயில் ஏறுவதற்குள் கரையைப் பார்த்துவிட வேண்டுமென்று சந்தனம்மாள் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.