பதினோரு தாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை மயில். அதன் வயிற்றுக்குள் சிவப்பாய் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும்போது, நிறம் சரியாக உட்காரும்வரை ஏற்கெனவே அச்சான தாள்களையே மறுபடி மறுபடி மெஷினுக்குள் விடுவார்கள். அப்படி ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படங்கள் ஏறிய தாளுக்கு நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் "வேஸ்ட் ஷீட்" என்று பெயர். அந்த மயிலை எங்களுக்குக் காட்டியவள் முத்துக்கனி. இன்று நல்ல தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரியாதையோடு சொல்லும் இயக்குநர். அன்று அவளுக்கும் எனக்கும் பத்து வயது.

அவளுடைய அம்மா பேச்சியம்மாள், என் அப்பா சூப்பர்வைசராக இருந்த அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை பார்த்தார். அவர் மடித்துக் கொண்டுவரும் தாள்களை முத்துக்கனி பட்டை பட்டையாக வெட்டி, மைதாப் பசையால் நீளமாக ஒட்டி, இரண்டு குச்சிகளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் சதுரமாக வெட்டிய ஓட்டைக்குப் பின்னால் ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே கதை சொல்வாள். விமானத்தை விழுங்கிய மயிலுக்கு விக்கல் எடுக்கும். தண்ணீர் கொடுக்கப் புஸ்வாணத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை எழுந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் வீட்டு வாசலில்தான் கிடந்தோம்.

ஒரு ஞாயிறு, குச்சியை நான் சுற்றட்டுமா என்று கேட்டேன்.

"நீ வெரசாச் சுத்துவ. பாத்து முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துரும். அங்கன போயி உக்காரு" என்றாள் முத்துக்கனி.

"சூப்பர்வைசர் மகளுக்கும் தரைதாம்டி சீட்டு!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்: "முத்துக்கனி வீட்டுல லேபிளு கட்டுக்கட்டா இருக்குப்பா."

சிவகாசிப் பக்கத்தில் இதன் பொருள் குழந்தைக்கும் தெரியும். லேபிள் வெளியே போனால் எவனோ செய்த வெடியில் அந்தக் கம்பெனியின் பெயர் ஏறிவிடும். அதனால் கழிவுத் தாளைக்கூடக் கிழித்துத்தான் வெளியே விடுவார்கள். நான் பார்த்திருந்தது பதினோரு தாள். ஒன்றில்கூட உருப்படியாக ஒரு லேபிள் கிடையாது. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் "கட்டுக்கட்டா" என்றேன்.

மறுநாள் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது, பேச்சியம்மாளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, மயிலு வயித்துக்குள்ள ஏரோப்ளேன் பறக்கற லேபிள ஒட்டி எவன் வெடி விப்பான்? பிள்ள வெளாடுதேன்னு எடுத்தது. வந்து பாருங்க, அம்புட்டும் வீட்டுலதான் கெடக்கு."

மெஷின்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காலையிலேயே அவர் முதலாளியிடம் என் சொல்லை அப்படியே சொல்லியிருந்தார். "மொதலாளி காதுக்குப் போயிருச்சே பேச்சி. கட்டுக்கட்டாங்கறாங்க. இனிமே எங்கையில ஒன்னுமில்ல" என்றார். பதினோரு தாள்தான் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெட்டாத தாள்களை அச்சகம் திரும்ப வாங்கிக்கொண்டது. அச்சக வேலை போன பேச்சியம்மாள் அடுத்த வாரம் முதல், விடியுமுன் வரும் வேனில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போனார். வீட்டு வேலை முத்துக்கனி மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் நின்றன. ஒருநாள் அவளே அந்தப் பெட்டியையும் மிஞ்சிய சுருளையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"எனக்கு நேரமில்ல. நீ சுத்தணும்னு ஆசப்பட்டேல்ல, வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன்.

கல்லூரி முடித்துச் சென்னைக்குப் போனவள், ஒரு படத்தொகுப்பு அறையில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தாள். முதல் படம், பட்டாசு ஆலை வேனில் போகும் பெண்களின் ஒரே ஒரு காலைப்பொழுது; ஒரு வாரம்கூட ஓடவில்லை. அடுத்த படம் விருது வாங்கிய பிறகு முதல் படத்தையும் தேடிப் பார்த்தார்கள். காட்சியை அவசரப்படாமல் நிறுத்திவைக்கத் தெரிந்தவள் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். செய்தித்தாளில் வேலை பார்க்கும் நானும் எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றிய ஒரு குறிப்பில் "தாயார் வேலையிழந்தார்" என்று, யாரால் என்ற கேள்வி எழாதபடி ஒரு வாக்கியம் அமைத்தேன்.

அந்த அச்சகம் இன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. புது மெஷின்களில் நிறம் சீக்கிரமே உட்கார்ந்துவிடுகிறதாம். அப்பாவும் இல்லை, பேச்சியம்மாளும் இல்லை. சென்ற மாதம் முத்துக்கனி விருதுநகர் வந்தபோது, ஊர்க்காரி என்பதால் பேட்டிக்கு என்னையே அனுப்பினார்கள்.

"அம்மா விஷயத்த யாரு சொன்னதுன்னு பின்னால தெரிஞ்சுதா?" என்று நிருபரின் குரலில் கேட்டேன்.

"யாரு சொல்லணும்? தெருவக் கூட்டி வச்சுப் படங்காட்டுனது நாந்தான? 'ஒன் வெளாட்டுல எம் பொழப்பப் போக்கிட்டியேடி'ன்னு சாகுற வரைக்கும் அம்மா ஏசுவா. சரியாத்தான ஏசியிருக்கா? விருது மேடையில நிக்கையிலகூட எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவு என் கைப்பேசியில் இருக்கிறது.  அதில் அவள் பேசி முடித்ததும் என் குரல் கேட்கிறது: "அடுத்த படம் எப்போ?"