ஜவ்வு நனைந்த ஆயுத பூசை

நகரியில் கோவர்த்தனன் நூலை முக்கியெடுக்காத சாயம் கிடையாது. விசைத்தறிகள் பெருகி, சாயப் பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. அண்டாவில் மிஞ்சிய சாயத்தண்ணீரையெல்லாம் தெருவுக்குப் பின்னாலிருந்த ஓடையில் கொட்டியவனும் அவன்தான். ஓடைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது, கிணறுகள் உப்பாயின. முதலாளி சொன்னார், இவன் கொட்டினான். அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

உப்புத் தண்ணீரை நம்பி யார் குடியிருப்பார்கள்? ஸ்ரீபெரும்புதூருக்கும் பெங்களூருக்குமாக வீடு வீடாகக் கிளம்பியதில் பாதித் தெரு பூட்டிக் கிடந்தது. கடைசியில் மகன் பிரபாகரும் கம்பெனி வேலைக்குப் புறப்பட்டு நின்றான். அவன் மனைவி மோனிகா அப்போது கர்ப்பம்.

“நல்ல தண்ணி வந்தா இங்கியே இருக்கறேன் நைனா. இத்த குட்சிக்கினு என் புள்ள வளரக்கூடாது” என்று தீர்த்துச் சொல்லிவிட்டான்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, திருப்பதிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பத்மினி ஓர் இயந்திரத்தைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கினாள். சாய அண்டாவில் வீணாகப் போகும் சூட்டை வைத்தே கிணற்றுத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஏற்பாடு. ஒரு பக்கம் சூடான உப்புத் தண்ணீர், மறுபக்கம் குளிர்ந்த தண்ணீர், நடுவில் காகிதம்போல ஒரு வெள்ளை ஜவ்வு. ஆவி மட்டும் அதைத் தாண்டிப்போய்க் குளிர்ந்து நீராகும், உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடும். தாமரை இலைபோலத் தண்ணீரை ஒட்டவிடாத அந்த ஜவ்வு நனையாதவரைக்கும்தான் இந்த வித்தை.

முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பத்மினி சூட்டைக் கூட்டி, தண்ணீர் ஓடும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, குழாயில் நூலாக ஒழுகவைத்தாள். இயந்திரத்துக்குக் காவல் கோவர்த்தனன். மோனிகா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “இனிக்குது மாமா” என்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆயுத பூசை விடுமுறை முடிந்ததும் அரசு அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. தண்ணீர் தேறினால் இயந்திரம் அங்கேயே நிற்கும், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போய்விடும்.

“உள்ள சோப்பு மட்டும் படவே கூடாதுண்ணா” என்று சொல்லிவிட்டு பத்மினி பண்டிகைக்கு வீட்டுக்குப் போனாள்.

சத்தியமாக அவன் சோப்பைத் தொடவில்லை. ஆனால் தறியோ அண்டாவோ, கழுவாமல் பொட்டு வைக்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. ஜவ்வு கிடந்த கிடையோ, உப்பும் துருவுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. பட்டு நூலையே நோகாமல் அலசுகிற பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரைக்க நுரைக்கக் கரைத்து, இயந்திரத்துக்குள் ஓட்டிக் கழுவினான். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைத்தான்.

விடுமுறை முடிந்து, வந்த அதிகாரிகள் முன்னால் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“பூச போட்டதும் பாரு, இன்னா வேகமா வருது!” என்றான் பூரிப்போடு.

அதிகாரி வாயில் ஊற்றிய வேகத்தில் துப்பினார். காலையிலேயே ஊரிலிருந்து திரும்பியிருந்த பத்மினியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

“சோப்பு போட்டீங்களாண்ணா?”

“அய்யோ, இல்ல மேடம். பூந்திக்கொட்டதான் போட்டேன்.”

“நுரைக்கிறது எல்லாமே ஒண்ணுதாண்ணா. ஜவ்வு நனைஞ்சிடுச்சி. இனிமே உப்பும் சேந்துதான் வரும்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாற்று ஜவ்வு வரும்வரை காத்திருக்க அதிகாரிகளுக்குப் பொறுமை இல்லை. வைத்த பொட்டு அழியாமலே இயந்திரம் லாரி ஏறியது.

பிரபாகர் மூட்டை கட்டிவிட்டான். பஸ் ஏறும் முன் மோனிகா மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் வந்துடுங்க மாமா. இங்க இன்னாத்த குடிப்பீங்க?”

“கெணத்த உப்பாக்கனவன் நான்தானேம்மா” என்றான் கோவர்த்தனன். “அத்த நான்தான் குடிக்கணும்.”

பஸ் கிளம்பியது. அவன் வீட்டுக்கு வந்து, கிணற்றில் ஒரு சொம்பு சேந்தி, நின்றபடியே முழுவதையும் குடித்தான்.